பால் பல்தானே என்று விட்டுவிடலாமா? – சொத்தைப் பல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பல் சொத்தை பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் குழந்தைகளின் பற்களைப் பற்றியவை, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

என் மகனுக்கு மூன்றரை வயது. மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பாகி, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வருகின்றன. சாக்லேட் நாங்கள் வாங்கித் தருவதே இல்லை. "பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது, இதுக்குப் போய் டாக்டரா?" என்கிறார் மாமியார். காட்ட வேண்டுமா, விட்டுவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

காட்ட வேண்டும் அம்மா. முடிந்தால் இந்த வாரமே காட்டுங்கள்.

ராத்திரி பால் பாட்டிலோடு தூங்குகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் மேல் முன்பற்கள் போய், கீழ் முன்பற்கள் மட்டும் நன்றாக இருந்தால் அநேகமாக அதுதான் காரணம். பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு நாக்கு கீழ்ப் பற்களை மூடிக்கொள்ளும், எச்சிலும் அங்கேதான் ஊறும், அதனால் அவை தப்பித்துவிடும். மேல் பற்களைச் சுற்றிப் பால் தேங்கி நிற்கும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது ரொம்பக் குறைந்துவிடுவதால் அது கழுவப்படாமல் அப்படியே இருக்கும். அந்தப் பாலில் சர்க்கரையோ கருப்பட்டியோ சத்துப் பவுடரோ கலந்திருந்தால் இன்னும் மோசம். அழும் குழந்தைக்கு சூப்பும் ரப்பரைத் தேனில் தொட்டு வாயில் வைப்பதும் இதே வேலையைத்தான் செய்யும் (ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது பல்லையும் தாண்டி வேறு வகையிலும் ஆபத்து, கொடுக்கவே வேண்டாம்).

சொத்தை எப்படி விழுகிறது என்பதை ஒரு தடவை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்ற பதில்களுக்கும் இது வேண்டும். பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய வழவழப்பான படலம் படியும். அதில் கிருமிகள் வாழ்கின்றன, முக்கியமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற வகை. நாம் சாப்பிடும் சர்க்கரையை அவை தின்று அமிலத்தை வெளியே விடுகின்றன. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே பல்லின் மேற்பரப்பில் அமிலம் ஏறும். பிஎச் (அமிலத்தை அளக்கும் எண், அது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால், எனாமல் என்ற பல்லின் கடினமான மேல் ஓட்டில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். பிறகு எச்சில் அந்த அமிலத்தை மெதுவாக அடக்கி, கரைந்துபோன தாதுக்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இதற்கு அரை மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். கரைவது அதிகமாகி, திரும்பச் சேருவது குறைந்தால் காலப்போக்கில் ஓட்டை விழுகிறது. அவ்வளவுதான் விஷயம். சாக்லேட் கொடுக்காத வீட்டிலும் சொத்தை வருவது இதனால்தான், கிருமிக்குப் பாலில் கலந்த சர்க்கரையே போதும்.

இப்போது மாமியார் சொன்னதற்கு வருவோம். பால் பல் விழும், உண்மைதான். ஆனால் எப்போது விழும்? முன்பற்கள் ஆறு, ஏழு வயதில். பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. உங்கள் மகன் அவற்றை வைத்துத்தான் இன்னும் ஏழெட்டு வருஷம் சாப்பிடப்போகிறான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு அவைதான் இடம் பிடித்து வைத்திருக்கின்றன. சீக்கிரமே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும், வரவேண்டிய பல் கோணலாக வரும். வேரில் சீழ் பிடித்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலே பழுதாகலாம். இதையெல்லாம்விட, பல் வலியோடு இருக்கும் குழந்தை சரியாகச் சாப்பிடாது, தூங்காது. எதனால் என்று அதற்குச் சொல்லவும் தெரியாது.

இன்னொன்றையும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும். ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. அவை நிரந்தரப் பற்கள். ஒன்றும் விழவில்லையே, இதுவும் பால் பல்லாகத்தான் இருக்கும் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். பத்து வயதில் அதில் பெரிய ஓட்டையோடு பிள்ளையைக் கூட்டி வருவார்கள். "இது விழுந்து முளைக்கும்ல டாக்டர்?" என்று கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்வது எனக்கு இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்தப் பல் முளைத்ததும் அதன் மேலுள்ள ஆழமான கோடுகளை சீலண்ட் என்ற பூச்சால் மூடிவிடலாம். வலிக்காது, ஊசி கிடையாது, கொஞ்ச நேர வேலை.

வீட்டில் இன்றைக்கே நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. குழந்தையை மடியில் படுக்கவைத்து, மேல் உதட்டை விரலால் தூக்கி, சுத்தமான துணியால் பல்லை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் கட்டம். எச்சில் ஈரத்தில் அது கண்ணுக்குப் படாது, காய்ந்தால்தான் தெரியும். இந்தக் கட்டத்தில் ஓட்டை இன்னும் விழவில்லை, எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடு என்ற தாதுவும் பழக்க மாற்றமும் இருந்தால் இதைத் திருப்பிவிடலாம். உங்கள் மகனுக்கு இந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஆனாலும் வழி இருக்கிறது. சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தை டாக்டர் சொத்தையின்மேல் தொட்டு வைப்பார். துளைபோடும் வேலை இல்லாமலேயே பெரும்பாலும் சொத்தை மேற்கொண்டு பரவுவது நின்றுவிடும். சொத்தைப் பகுதி மட்டும் கறுத்துப்போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்தப் பல்லுக்கு அது போதும், எதை அடைக்க வேண்டும் என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பாட்டிலை நிறுத்துங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் பாலில் நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீராக்கிவிடுங்கள். தூங்கும் முன் பல் தேய்த்துவிட்டால் அதற்கப்புறம் தண்ணீர் மட்டும்தான்.

என் கணவருக்குக் கடைவாய்ப் பல்லில் பூச்சி. கண்டங்கத்தரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்தால் புழு விழுந்துவிடும் என்று ஊரில் ஒருவர் செய்கிறார். புழு விழுந்ததை நானே கண்ணால் பார்த்தேன். இது சரியா?
– வாசகி, அருப்புக்கோட்டை

நீங்கள் பார்த்தது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பல்லிலிருந்து வந்ததல்ல. பல்லுக்குள் புழுவோ பூச்சியோ கிடையாது. இந்த நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் சொந்தமும் இல்லை, பாபிலோனியக் களிமண் பலகையிலேயே பல் புழுவை விரட்ட மந்திரம் எழுதிவைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் குரோசாணி ஓமம் என்ற செடியின் விதையைப் புகைத்து இதே வைத்தியத்தைச் செய்தார்கள். சூட்டில் வெடித்த விதையிலிருந்து வெளியே வரும் வெள்ளை முளைக்கருதான் அங்கே புழுவாகக் காட்டப்பட்டது. பியேர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் 1728-லேயே நுண்ணோக்கியில் தேடிப் பார்த்துப் புழு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். கிருமிகள் உண்டாக்கும் அமிலம்தான் காரணம் என்று 1890-ல் மில்லர் என்பவர் விளக்கினார்.

புகை பிடித்ததும் கொஞ்ச நேரம் வலி குறைந்ததுபோல் இருக்கலாம். ஓட்டை அப்படியேதான் இருக்கும், உள்ளே போய்க்கொண்டும் இருக்கும். தயவுசெய்து கணவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நான் வெள்ளைச் சர்க்கரையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. கருப்பட்டிக் காபி, நாட்டுச் சர்க்கரை டீ மட்டும்தான், அதுவும் அரை டம்ளர்தான் குடிப்பேன். காலை, இரவு இரண்டு வேளையும் பல் தேய்க்கிறேன். இருந்தும் வருஷா வருஷம் ஒரு சொத்தை. எங்கள் வீட்டில் பரம்பரையாகவே பல் இப்படியா?
– வாசகர், உடன்குடி

பரம்பரைக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம், பல்லின் அமைப்பும் எச்சிலின் தன்மையும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த அரை டம்ளரைத்தான். ஒரு நாளைக்கு எத்தனை அரை டம்ளர்?

கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். உடம்புக்கு அவற்றில் ஏதோ சத்து இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் வாயில் உள்ள கிருமிக்கு வித்தியாசம் தெரியாது. அதைவிட முக்கியம், எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதோடு எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பது. ஒவ்வொரு தடவை இனிப்பு வாயில் படும்போதும் அந்த அரை மணி நேர அமிலக் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும். எழுந்ததும் காபி, டிபனுக்கு அப்புறம் காபி, பதினொரு மணிக்கு டீ, மூன்று மணிக்கு ஒன்று, ஐந்து மணிக்கு பிஸ்கட்டோடு ஒன்று, ராத்திரி பால். நடுவில் யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களோடு இன்னொன்று. ஒரே ஒரு ஜிலேபியைச் சாப்பாட்டோடு சாப்பிட்டு முடித்தவரின் பல் அன்றைக்கு ஒரு தடவை அடி வாங்கியது, உங்கள் பல் ஏழு தடவை வாங்கியது. எச்சில் சரிசெய்து முடிக்கும் முன்பே அடுத்த டம்ளர் வந்துவிடுகிறது.

இதை நிரூபித்த ஆய்வு ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் இருந்த விப்பேஹோல்ம் என்ற மனநல விடுதியில் 1945-ல் தொடங்கியது. சாப்பாட்டோடு சர்க்கரை கொடுத்தவர்களுக்குச் சொத்தை பெரிதாகக் கூடவில்லை. சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவில் பல்லில் ஒட்டும் டாஃபி கொடுத்தவர்களுக்கு மளமளவென்று கூடியது, டாஃபியை நிறுத்தியதும் குறைந்தது. அங்கே இருந்தவர்கள் மனவளர்ச்சி குன்றியவர்கள். என்ன செய்கிறார்கள் என்று புரிந்து சம்மதிக்க முடியாதவர்களின் பற்களை வேண்டுமென்றே கெடுத்துக் கண்டுபிடித்த உண்மை இது. இன்றைக்கு எந்த நாட்டிலும் இப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அதற்கப்புறம்தான் இனிப்பைச் சனிக்கிழமை மட்டும் கொடுங்கள் என்று ஸ்வீடனில் பெற்றோருக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள், பல வீடுகளில் அந்த வழக்கம் இன்னமும் இருக்கிறது.

இனிப்போடு காபி இரண்டு வேளை போதும், மற்ற வேளைகளில் இனிப்பில்லாமல் குடிக்கப் பழகுங்கள். குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். பிஸ்கட், ரஸ்க், சிப்ஸ் போல மாவாகிப் பல் இடுக்கில் ஒட்டிக்கொள்பவற்றையும் கவனியுங்கள், அவை லட்டைவிட அதிக நேரம் வாயில் தங்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் பாதிப் பேருக்குப் பல் மஞ்சளாக, பழுப்புக் கோடாக இருக்கும், தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்கிறார்கள். பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், பென்னாகரம்

இரண்டும் உண்மை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை பரவாயில்லை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் பல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயது வரைக்கும், எனாமலில் கறை விழும். ரொம்ப அதிகமாகிப் பல வருஷம் தொடர்ந்தால் எலும்பும் கெடும்.

அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரிலும் இப்படித்தான் பழுப்புப் பற்கள். ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் அதைப் பல வருஷம் துருவிப் பார்த்தபோது, கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருப்பதைக் கவனித்தார். கறை விழாத குறைந்த அளவில் ஃபுளோரைடைக் கொடுத்தால் சொத்தையைத் தடுக்கலாமே என்ற யோசனை அங்கிருந்துதான் வளர்ந்தது. 1945 ஜனவரியில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துக் குடிநீரில் அளந்து சேர்க்கவும் ஆரம்பித்தார்கள்.

பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடு பல்லின் மேலே பட்டு வேலை செய்வது. விழுங்காமல் துப்பிவிட்டால் உங்கள் ஊரிலும் பெரியவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். வளர்ந்த பல்லில் புதிதாகக் கறை வராது. விழுங்கிவிடும் வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் எந்தப் பேஸ்ட், எவ்வளவு என்று உங்கள் பகுதிப் பல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, சாதாரண ஃபில்டரும் நீக்காது. ஆர்ஓ நீக்கும். போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. கறை இருப்பதால் சொத்தை வராது என்றும் இருந்துவிடாதீர்கள், கறை அதிகமாகி எனாமல் பொரிந்த பல்லில் சொத்தையும் சேர்ந்தே வரும்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று வளர்ந்தவன் நான். பேஸ்ட் அவசியமா? உமிக்கரியும் உப்பும் போதாதா?
– வாசகர், பட்டுக்கோட்டை

குச்சியை நன்றாக மென்று பிரஷ்போல ஆக்கி, ஒவ்வொரு பல்லாகப் பொறுமையாகத் தேய்த்தால் அழுக்குப் படலம் போகும், அதில் சந்தேகமில்லை ஐயா. அந்தக் காலத்தில் நாளெல்லாம் பிஸ்கட்டும் குளிர்பானமும் இல்லாததால் அதுவே போதுமானதாகவும் இருந்தது. இன்றைய சாப்பாட்டுக்கு ஃபுளோரைடு பேஸ்ட் தேவை, குச்சியில் அது கிடைக்காது. உமிக்கரி, செங்கல் பொடி, சாம்பல் இவை வேண்டாம். சொரசொரப்பில் எனாமல் தேய்ந்துபோகும், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

பேஸ்ட் எவ்வளவு? விளம்பரத்தில் வருவதுபோல பிரஷ் முழுக்க வேண்டியதில்லை. பல் முளைத்ததிலிருந்து மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. பெரியவர்களுக்கும் அதைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தால் போதும். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்புங்கள், மடக் மடக்கென்று தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள், கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும். காலையில் ஒரு நாள் அவசரத்தில் விட்டுப்போனாலும் ராத்திரி தேய்ப்பதை விடாதீர்கள்.

நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் ஒரு பிரசவத்துக்கு ஒரு பல் போகும் என்கிறார் அம்மா. கடைவாய்ப் பல் ஒன்று கூசுகிறது. பிரசவம் முடிந்து பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, கோவில்பட்டி

குழந்தை உங்கள் பல்லிலிருந்து எதையும் எடுக்காது. சாப்பாட்டில் கால்சியம் போதாமல் போனால் எலும்பிலிருந்துதான் எடுக்கும். பல் கெடுவதற்குக் காரணம் வேறு: வாந்தியோடு வரும் வயிற்று அமிலம், அடிக்கடி எதையாவது கொறிப்பது, குமட்டலுக்குப் பயந்து பல் தேய்ப்பதையே விடுவது. வாந்தி எடுத்ததும் உடனே பிரஷ் பண்ணாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுக் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் தேயுங்கள்.

தள்ளிப்போடாதீர்கள். நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை பல் வைத்தியத்துக்கு வசதியான காலம், நீங்கள் சரியாக அதில்தான் இருக்கிறீர்கள். கர்ப்பமாக இருப்பதையும் சாப்பிடும் மாத்திரைகளையும் போனதும் சொல்லிவிடுங்கள். கூச்சத்தோடு இருக்கும்போது அடைத்துவிட்டால் முடிந்தது, கைக்குழந்தையோடு ராத்திரி பல் வலியையும் தாங்குவது பெரும் பாடு.

வயது 67. சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை. வாய் எப்போதும் காய்ந்தே இருக்கிறது, அதற்கு ஒரு பெப்பர்மின்ட் வாயில் போட்டுக்கொள்வேன். இப்போது பல்லின் அடிப்பக்கத்தில், ஈறை ஒட்டி வரிசையாகச் சொத்தை. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று போகப் பயமாக இருக்கிறது.
– வாசகர், காரைக்குடி

பார்வைக்கு ஒன்றும் ஆகாது. பல்லுக்கு வரும் நரம்பு வேறு, கண் பார்வைக்கான நரம்பு வேறு. அறுபது வயதுக்கு மேல் பல்லும் போகும், கண்ணில் புரையும் விழும். இரண்டும் ஒரே காலத்தில் வருவதால் ஒன்றால் இன்னொன்று வந்ததாகச் சொல்லிவிட்டார்கள்.

வயதாக ஆக ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரியும். அங்கே எனாமல் கிடையாது, லேசான அமிலத்திலேயே கரையும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் சில மாத்திரைகளாலும் எச்சில் குறையும். உங்களுக்கு இதெல்லாம் சேர்ந்து இருக்கிறது, கூடவே பெப்பர்மின்ட்டும். அதை இன்றோடு விடுங்கள், அது சர்க்கரை. அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள், மெல்ல முடிந்தால் சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் நல்லது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், வாய் காய்வதைச் சொன்னால் மாற்றித் தர முடியுமா என்று உங்கள் டாக்டர் பார்ப்பார். பல்லின் மேல் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ் பற்றிப் பல் டாக்டரிடம் கேளுங்கள்.

இரண்டு வாரம் ராத்திரியில் உயிர் போகும் வலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன், கிராம்புத் தைலமும் வைத்தேன். இப்போது வலி தானாக நின்றுவிட்டது. இனிமேல் பயமில்லையே? வேர் சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், பிடுங்கிவிட்டால் என்ன?
– வாசகர், திருவொற்றியூர்

வலி தானாக நின்றதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ராத்திரி படுத்ததும் தெறிக்கும் வலி என்றால் சொத்தை நரம்பு இருக்கும் அறைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு நின்றால் அநேகமாக அந்த நரம்பு செத்துவிட்டது. கிருமி இப்போது வேரின் நுனி வழியாக எலும்புக்குள் போய்க்கொண்டிருக்கும், ஒரு நாள் சீழ் கட்டி முகம் வீங்கும்.

கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், ஈறில் பட்டால் புண்ணாக்கும். வலி மாத்திரையைப் பொடித்துப் பல்லில் அடைக்கும் பழக்கமும் அப்படித்தான், ஈறு வெந்துபோகும். ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிப் போட்டால் வீக்கம் கொஞ்சம் அடங்கலாம், ஆனால் செத்த நரம்புக்குள் மருந்து போய்ச் சேராது, காரணம் உள்ளேயே இருக்கும்.

வேர் சிகிச்சையா (கெட்ட நரம்பை எடுத்துவிட்டு வேரைச் சுத்தம் செய்து அடைப்பது), பிடுங்குவதா என்பதை எக்ஸ்ரே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காப்பாற்ற முடிகிற பல் என்றால் காப்பாற்றுவதுதான் என் கட்சி. பிடுங்கிய இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும், அந்தப் பக்கமே மெல்ல முடியாமல் போகும், பிறகு அங்கே பல் கட்ட இன்னும் அதிகமாகச் செலவாகும். பணம்தான் தடை என்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும்கூட அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்குங்கள், சில தடவை வரச் சொல்வார்கள், பாதியில் நிறுத்திவிடாமல் முடியுங்கள்.

அதற்குள் தாடைக்கு அடியில் வீங்கினாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ, எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சை அடைத்துவிடும். அந்த நேரத்தில் பல் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.